'புருஷன்தான் கொன்னிருப்பான்!' - சந்தேகம் எப்போ சாட்சி ஆகும்?

'இளம்பெண் மர்ம மரணம்'னு செய்தி வந்ததுமே, கமென்ட் பாக்ஸ்ல தீர்ப்பு ரெடியாகிடும். 'புருஷன் அழவே இல்ல பாருங்க... அவன்தான்!' ஆனா, நேரில் பார்த்தவர் யாருமே இல்லாத வழக்கில் நீதிமன்றம் எப்படி முடிவெடுக்குது?

அதுக்கு இன்னைக்கும் அளவுகோல், உச்ச நீதிமன்றம் 1984-ல் கொடுத்த ஒரு தீர்ப்புதான்.

புனேயில் 1982-ல் நடந்த சம்பவம் அது. கல்யாணமாகி நாலே மாதத்தில், ஓர் இளம்பெண் சயனைடு விஷத்தால் இறந்துபோனார். கணவருக்கு இன்னொரு பெண்ணுடன் தொடர்பு என்றது அரசுத் தரப்பு. வாழ்க்கை எவ்வளவு வேதனையா இருக்குன்னு சகோதரிக்கும் தோழிக்கும் அந்தப் பெண் கடிதம் எழுதியிருந்தார். கீழமை நீதிமன்றம் கணவருக்குத் தூக்கு விதித்தது. மும்பை உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

ஆனால், உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது!

ஏன்?

நீதிபதி ஃபசல் அலி ஐந்து விதிகளை வகுத்தார். சட்ட மாணவர்கள் 'பஞ்சசீலம்'னு படிக்கிறது இதைத்தான்.

1. ஒவ்வொரு சந்தர்ப்பமும் முழுசா நிரூபிக்கப்படணும்.
2. எல்லாமே குற்றத்தோடு மட்டும்தான் பொருந்தணும்.
3. அவை உறுதியான முடிவைக் காட்டணும்.
4. வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் இருக்கக் கூடாது.
5. சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடக் கூடாது.

இந்த வழக்கில் கணவர் கையில் விஷம் இருந்ததுன்னு நிரூபிக்கப்படலை. கொடுமைக்கு ஆதாரமா நீட்டின அதே கடிதங்கள், மனம் உடைஞ்சு அவரே உயிரை விட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தையும் எழுப்பின. 'கொன்றிருக்கலாம்' என்பதற்கும் 'கொன்றே இருக்க வேண்டும்' என்பதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்குன்னு சொன்னது கோர்ட். குற்றம் சாட்டப்பட்டவர் பொய் சொன்னாலும், அந்தப் பொய்யை வெச்சு விடுபட்ட கண்ணியைக் கோக்க முடியாது.

அப்போ, நாலு சுவருக்குள்ள எது நடந்தாலும் புருஷன் தப்பிச்சுடலாமா?

முடியாது. வீட்டுக்குள் மனைவி கொல்லப்பட்டு, கணவரும் அங்கேயே இருந்திருந்தால், என்ன நடந்ததுன்னு அவர் விளக்கியாகணும்னு 2006-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. பழைய சாட்சியச் சட்டத்தின் 106-வது பிரிவு, இப்போதைய சட்டத்தில் 109. அவர் வாய் திறக்கலைன்னா, அந்த மௌனமே இன்னொரு கண்ணி ஆகிடும். ஆனால், அடிப்படை ஆதாரங்களை முதல்ல நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்புதான்.

விடுதலை என்றால் அந்தப் பெண்ணின் வேதனை பொய்னு அர்த்தம் இல்லை. வேதனை நிஜம்; கொலை நிரூபணமாகலை. ஓட்டைகளோடு போடப்படும் குற்றப்பத்திரிகை ரெண்டு விதத்தில் ஆபத்து... நிரபதி தூக்குமேடை ஏறலாம். நிஜக் குற்றவாளி வெளியே நடந்து போகலாம். அதனால அடுத்த முறை கமென்ட் போடுறதுக்கு முன்னாடி, அவர் அழுதாரான்னு பார்க்காதீங்க. சங்கிலி முழுசா இருக்கான்னு பாருங்க!