பெரியம்மாவின் கார்டும் அம்மாவின் ஓட்டும்

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. ஆபீசில் ஆடிட், வீட்டில் பையனுக்குப் பரீட்சை. இன்றைக்கும் எழுதியிருக்க மாட்டேன். பழைய சித்தூர் நண்பர்கள் வாட்ஸப் குழுவில் ஒருத்தன் போட்ட ஒரு வரிதான் உட்கார வைத்தது. "நாலாயிரம் ரூபாய் பென்சனுக்கு ஓட்டை வித்துட்டுக் கிழவனும் கிழவியும் நாட்டைக் கெடுக்கறாங்க." போட்டவன் டெக்சாஸில் இருக்கிறான். பன்னிரண்டு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். அதில் பாதிப் பேருடைய அம்மா அப்பா இன்னமும் சித்தூரிலோ திருப்பதியிலோ தனியாக இருக்கிறவர்கள்.

எனக்குக் கோபம் வந்தது. வந்ததற்குக் காரணம் என் பெரியம்மா.

பெரியம்மாவுக்கு 74 வயது. பெரியப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. சித்தூரில் அம்மா இருக்கிற தெருவிலேயே இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். ஊர்ப் பக்கம் கொஞ்சம் மாந்தோப்பு பாகத்துக்கு இருக்கிறது. கையில் வெள்ளைக் கார்டு, மாசம் பென்சன், ஒரு ஆரோக்யஸ்ரீ கார்டு. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கணக்குப் போடுவது மட்டும் தமிழில். (எங்கள் ஜில்லாவைத் தெரியாதவர்களுக்கு: 1953ல் ஆந்திராவோடு போனோம். 1960ல் திருத்தணி அந்தப் பக்கம் திரும்பிப் போனது. நாங்கள் இங்கேயே தங்கிவிட்டோம். அந்தக் கதை இன்னொரு நாள்.)

2025 அக்டோபரில் பெரியம்மாவுக்கு நெஞ்சு வலி. திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். பெயர் வேண்டாம். ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். பெரியம்மா இடுப்பிலிருந்து கார்டை எடுத்து நீட்டியிருக்கிறாள். கவுன்டரில் இருந்த பெண், "இப்ப இது எடுக்கறதில்ல பாட்டி, ஸ்டிரைக்" என்று சொல்லிவிட்டு டெபாசிட் கட்டச் சொன்னாள். அம்மா எனக்குப் போன் பண்ணினாள். எனக்கு நடு ராத்திரி. லேப்டாப்பைத் திறந்தேன், பணம் அனுப்பினேன். ஸ்டென்ட் வைத்தார்கள், நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நல்ல பிள்ளையாக நடந்துகொண்டேன் என்று கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தேன். பெரியம்மா போனில் முதல் கேள்வியே, "எவனோ கடன் கட்டாததுக்கு நீ ஏன்டா கட்டின?"

இருபது வருஷமாக வங்கியில் குப்பை கொட்டுகிறேன். என் தொழிலை யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை :-)

அவள் சொன்னது சரி. அந்த ஸ்டிரைக் எதற்கென்றால், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கு அரசு தர வேண்டிய பாக்கி. மருத்துவமனைகள் சொன்ன கணக்கு சுமார் 2,700 கோடி ரூபாய். இது ஏதோ ஒரு கட்சியின் பாவம் என்று நினைக்காதீர்கள். 2024 மே மாதம், தேர்தல் நேரத்தில், அப்போது இருந்த ஜெகன் அரசுக்கும் இதே பாக்கியைச் சொல்லித்தான் மருத்துவமனைகள் சேவையை நிறுத்தின. கட்சி மாறியது, திட்டத்தின் பெயர் மாறியது, பாக்கி அப்படியே அடுத்த பேரேட்டுக்கு வந்துவிட்டது. இந்தியாவில் ஒரு கடன் தவணை 90 நாள் தாண்டினால் எங்கள் பாஷையில் வாராக்கடன். அரசாங்கத்தின் பாக்கிக்கு அந்தப் பெயர் வைக்க யாருக்கும் தைரியம் கிடையாது.

பெயர் மாறின கதையும் சொல்ல வேண்டும். 2007 ஏப்ரலில் ராஜசேகர ரெட்டி ஆரோக்யஸ்ரீயை மூன்று ஜில்லாக்களில் தொடங்கினார். அடுத்த வருஷத்துக்குள் மாநிலம் முழுவதும் வந்தது. அவர் டாக்டர், திருப்பதி எஸ்.வி. மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தவர். ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 2 லட்சம் வரை. முதலில் இன்சூரன்ஸ் கம்பெனி வழியாக, பிறகு டிரஸ்ட் நேராகப் பணம் கொடுக்கும் ஏற்பாடு. அப்போது நான் பலமநேர் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க். ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தாலியை அடகு வைக்க வருகிறவர்களைத் தினம் பார்த்தவன். நகையைத் தராசில் வைக்கும்போது அந்தப் பெண்கள் தராசைப் பார்க்க மாட்டார்கள், வெளியே ரோட்டைப் பார்ப்பார்கள். திட்டம் வந்த பிறகு அது நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் "ஆபரேஷன் ஆரோக்யஸ்ரீல ஆச்சு சார், இது மருந்துக்கும் பஸ்ஸுக்கும்" என்று சின்ன நகையோடு வந்தவர்களை என் கண்ணால் பார்த்தேன்.

2009 செப்டம்பர் 2ம் தேதி ராஜசேகர ரெட்டியின் ஹெலிகாப்டர் விழுந்தது. அவர் அன்றைக்குக் கிளம்பியது எங்கள் சித்தூர் ஜில்லாவுக்கு. "நம்ம ஊருக்கு வரேன்னு கிளம்பித்தான் போனாரு" என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்லுவாள், சொந்தக்காரர் யாரோ கல்யாணத்துக்கு வரும் வழியில் போன மாதிரி.

பிறகு 2014ல் வந்த சந்திரபாபு ஆட்சியில் அது என்.டி.ஆர். வைத்திய சேவை ஆனது. 2019ல் ஜெகன் வந்து ஒய்.எஸ்.ஆர். ஆரோக்யஸ்ரீ ஆனது. 2023 டிசம்பரில் வரம்பை 25 லட்சமாக உயர்த்தி, படம் போட்ட புதுக் கார்டு. 2024 ஜூனுக்குப் பிறகு மறுபடி என்.டி.ஆர். பெரியம்மா எல்லாவற்றையும் ஆரோக்யஸ்ரீ என்றுதான் சொல்கிறாள்.

இப்போது நண்பனின் "ஓட்டை விற்ற" கதைக்கு வருவோம்.

கிழவிகள் கொடுத்த காசுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் என்றால், 25 லட்சம் கார்டும் மாசம் பிறந்தால் வாசலில் பென்சனும் கொடுத்த ஜெகன் அல்லவா 2024ல் ஜெயித்திருக்க வேண்டும்? பழைய சித்தூர் ஜில்லாவின் 14 தொகுதிகளில் 2019ல் அவர் கட்சிக்கு 13, குப்பம் மட்டும் சந்திரபாபுவுக்கு. 2024ல் அவருக்குப் புங்கனூர், தம்பள்ளப்பள்ளி, இரண்டே இரண்டு. மாநிலத்தில் 151லிருந்து 11. சந்திரபாபு நாலாயிரம் என்றார், ஆகவே ஏலத்தில் அதிகம் கேட்டவருக்குப் போனது என்பான் நண்பன். கொஞ்சம் உண்மை இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பெரியம்மா சொன்ன காரணம் வேறு.

முதல் காரணம் பட்டா புத்தகம். "எங்க மாமனார் சம்பாதிச்ச தோப்பு, அதுல இவரு படம் எதுக்கு?" நிலப் பட்டா பாஸ்புக்கில் முதலமைச்சர் படம் அச்சடித்ததும், கூடவே வந்த நில உரிமைச் சட்டமும் வயசானவர்களை எவ்வளவு பயமுறுத்தியது என்பது இங்கே உட்கார்ந்து செய்தி படிக்கிற நமக்குப் புரியாது. வந்த அரசு 2024லேயே அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

இரண்டாவது, அந்த ஏப்ரல், மே. தேர்தல் கமிஷன் 2024 மார்ச் கடைசியில் வாலண்டியர்கள் பென்சன் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. தேர்தல் நேரத்துக்கு அது நியாயமான உத்தரவுதான் என்பது என் கருத்து. ஆனால் அதற்குப் பதில் என்ன செய்தார்கள்? ஏப்ரலில் கிழவர்களை வார்டு செயலகத்துக்கு வரச் சொன்னார்கள். மே மாதம் பெரும்பாலானவர்களுக்கு வங்கிக் கணக்கில் போட்டார்கள். சித்தூர் வெயிலில், மே மாதத்தில், எழுபது எண்பது வயசுக்காரர்கள் வங்கி வாசலில். பென்சன் வாங்குவோர் மாநிலத்தில் 65 லட்சம் பேர் அளவில். இதைத் திட்டம் போட்ட புண்ணியவான் ஒரு நாளாவது கவுன்டரில் உட்கார்ந்திருந்தால் செய்திருக்க மாட்டான்.

இரண்டு வருஷம் கணக்குப் பக்கம் போகவில்லை என்றால் அது செயலற்ற கணக்கு. பணம் உள்ளே வந்துவிடும், வெளியே எடுக்க மறுபடி ஆதார், போட்டோ, கையெழுத்து. பெரியம்மாவின் கணக்கும் அப்படித்தான் கிடந்தது. மூன்று நாள் நடந்தாள். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடித்தம் போன பாக்கி கைக்கு வந்ததாக வேறு பலர் புலம்பினார்கள். ஒரு கட்சி "வாலண்டியர்களை நிறுத்தினது அவன்" என்றது, இன்னொன்று "வீட்டுக்கு ஆள் அனுப்பாதது இவன்" என்றது. பெரியம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டு, ஆட்சியில் இருக்கிறவன்தான் பதில் சொல்லணும் என்று முடிவு செய்தாள். மே 13 ஓட்டுப் போட்டாள். ராஜசேகர ரெட்டி படம் இன்னும் அவள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஓட்டுதான் மாறியது.

இதை விற்பனை என்று சொன்னால், நாங்கள் கடன் கொடுக்கும் முன்னால் கட்சிக்காரரின் பழைய கணக்கைப் பார்ப்பதையும் விற்பனை என்றுதான் சொல்ல வேண்டும்.

அம்மா கதை வேறு. அவளுக்கு எந்தக் கார்டும் இல்லை. பையன் வெளிநாட்டில், அப்பா வைத்துவிட்டுப் போன கடை வாடகை வருகிறது. ஆகவே வசதியானவள். அவள் ஓட்டுப் போடுவாள், ஆனால் எந்தக் கட்சிக்காரனும் அவள் வாசலில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்க மாட்டான். உடம்புக்கு ஒன்று என்றால் முப்பத்தைந்து கிலோமீட்டரில் வேலூர் சிஎம்சி, இல்லை திருப்பதி ஸ்விம்ஸ், பணம் என்னுடையது. 2024 அக்டோபர் 29ல் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத்தை 70 வயது தாண்டின எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், 5 லட்சம் வரை விரிவாக்கியது. என்னைக் கேட்டால் இந்தியாவில் மருத்துவக் காப்பில் ஏழைக் கோட்டைத் தாண்டி வைத்த முக்கியமான அடி அது. அம்மாவிடம் உற்சாகமாகச் சொன்னேன். "கவுன்டர்ல எடுத்துப்பாங்களா?" என்றாள். அக்காவுக்கு நடந்ததைப் பார்த்தவள் கேட்கிற கேள்வி அது.

இங்கே கவுன்டரில் எனக்கு எதிரில் உட்காரும் அமெரிக்கக் கிழவர்களும் இதே சாதிதான். 2009ல் ஒபாமாவின் மருத்துவச் சீர்திருத்தம் விவாதத்தில் இருந்தபோது நான் நியூஜெர்சிக்கு வந்து ஒரு வருஷம். "அரசாங்கம் மெடிகேர்ல கை வைக்கக்கூடாது" என்று கூட்டங்களில் பெரியவர்கள் கத்தினார்கள். மெடிகேரே 1965ல் ஜான்சன் கையெழுத்துப் போட்ட அரசாங்கத் திட்டம்! டிவியில் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகுதான் புரிந்தது, புதிய சட்டத்துக்கான பணத்தில் ஒரு பகுதி மெடிகேர் செலவைக் குறைத்து வருவது. அவர்கள் பேசியது தத்துவம் இல்லை, பேரேடு.

அதற்கு முன்னால் 1988ல் பெரிய ஆஸ்பத்திரிச் செலவுக்காக மெடிகேரில் ஒரு புதுச் சலுகை கொடுத்தார்கள். செலவை வயசானவர்கள் தலையிலேயே, வசதியானவர்களுக்குக் கூடுதலாக, வைத்தார்கள். அதில் பலருக்கு வேலை பார்த்த கம்பெனி மூலம் அந்தக் காப்பு ஏற்கெனவே இருந்தது. 1989 ஆகஸ்டில் சிகாகோவில் ராஸ்டென்கவுஸ்கி என்ற பெரிய காங்கிரஸ் தலைவரின் காரை முதியவர்கள் மறித்து நின்றார்கள். மனுஷன் இறங்கி ஓடினார். அந்த வருஷம் முடிவதற்குள் சட்டத்தையே வாபஸ் வாங்கிவிட்டார்கள். அவர்களை யாரும் ஓட்டை விற்றவர்கள் என்று சொல்லவில்லை. மூத்த வாக்காளர்கள், கவனமாக நடந்துகொள்ள வேண்டும் என்றார்கள். நம் கிழவிக்கு மட்டும் ஏன் வேறு பெயர்?

அம்மாவை இங்கே கூட்டிவரலாமே என்பீர்கள். யோசித்தவர்களுக்குத் தெரியும். கிரீன் கார்டு எடுத்தாலும் 65 தாண்டினவர்கள் மெடிகேரைப் பணம் கட்டி வாங்கவே ஐந்து வருஷம் இங்கே இருந்திருக்க வேண்டும். விசிட்டர் இன்சூரன்ஸ் எதுவும் பழைய சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஒழுங்காக மூடாது. ஆக, நம் அப்பா அம்மாவின் உடம்பு அங்கே ஓட்டுப் போடுகிறவர்கள் கையில்தான் இருக்கிறது. நாம் அனுப்பும் பணம் ஒரு டெபாசிட்டைக் கட்டும். வார்டுக்கு டாக்டர் வருவதற்கோ, கவுன்டரில் கார்டை எடுப்பதற்கோ அந்தப் பணத்தால் எதுவும் செய்ய முடியாது. அதற்கு வெயிலில் நின்று ஓட்டுப் போட ஆள் வேண்டும். நான் அந்த ஊரில் கடைசியாக ஓட்டுப் போட்டது 2004ல்.

புது ஏற்பாடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பரில் ஆந்திர அமைச்சரவை ஒப்புக்கொண்ட திட்டப்படி முதல் இரண்டரை லட்சம் இன்சூரன்ஸ் கம்பெனி, அதற்கு மேல் 25 லட்சம் வரை டிரஸ்ட். இன்சூரன்ஸ் கம்பெனி நேரத்துக்குப் பணம் கொடுக்கும் என்பது கணக்கு. பிரீமியத்தை அரசு நேரத்துக்குக் கட்டினால் கொடுக்கும். கட்டாவிட்டால் கவுன்டரில் இருக்கிற பெண் "ஸ்டிரைக்" என்பதற்குப் பதில் "அப்ரூவல் வரல" என்பாள். எனக்கு வரம்பு 25 லட்சமா 5 லட்சமா என்பது முக்கியமில்லை. பெரிய எண்ணை விளம்பரத்துக்கு வைத்துவிட்டுச் சின்ன பில்லைக் கட்டாமல் இருப்பதை விட, 5 லட்சம் போதும், ஆனால் 45 நாளில் மருத்துவமனைக்குப் பணம் போகணும், போகாவிட்டால் வட்டி என்று சட்டத்தில் எழுதட்டும். இதைக் கேட்கிற கட்சி எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை.

நண்பனுக்கு வாட்ஸப்பில் இத்தனையும் எழுத முடியாது. "உங்க அம்மாவுக்கு எந்தக் கார்டு இருக்குன்னு தெரியுமாடா?" என்று மட்டும் கேட்டேன். பதில் இல்லை.

போன ஞாயிறு பெரியம்மாவிடம் பேசினேன். டெபாசிட் ரசீது, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் ஆரோக்யஸ்ரீ கார்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறாளாம். எதுக்கு என்றேன். "29ல ஓட்டு கேட்டு வருவான்ல, எவனா இருந்தாலும் காட்டணும்." அதற்குள் அம்மா போனைப் பிடுங்கி, அங்கே பனி பெய்கிறதா, பையன் சாப்பிட்டானா என்று ஆரம்பித்துவிட்டாள்.