ஊர் மாறினால் கார் இன்ஷூரன்ஸ் ஏறுமா?

பூந்தமல்லி டிரங்க் ரோட்டின் ஓரத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். போகிற கார்களின் நம்பர் பலகையைக் கவனியுங்கள். கே.ஏ. என்று இருந்தால் அது கர்நாடகத்துக் கார். ஏ.பி. என்றால் ஆந்திரம். கே.எல். என்றால் கேரளம். எம்.எச்., டி.எல். என்றும் சில போகும். அவை மராட்டியமும் டில்லியும்.

இவற்றில் பல, வந்த வழியே திரும்பிப் போகிற கார்கள் அல்ல. இங்கேயே குடியிருக்கிற குடும்பங்களின் கார்கள்.

ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. விமானப்படை நிலையம் இருக்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் இருக்கிறது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை இருக்கிறது. எனவே இந்த வட்டாரத்துக்கு மாற்றல் உத்தரவு வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். இங்கிருந்து வெளிமாநிலம் போகிறவர்களும் ஏராளம். பாத்திரம் பண்டத்தோடு காரும் கூட வருகிறது.

கார் வந்துவிட்டது. அதன் இன்ஷூரன்ஸ் என்ன ஆகிறது?

இரண்டு பேச்சு, இரண்டும் தவறு

"ஸ்டேட் விட்டு ஸ்டேட் வந்துட்டீங்கன்னா பழைய இன்ஷூரன்ஸ் செல்லாது சார். புதுசா எடுக்கணும். விலையும் டபுள் ஆயிடும்" என்று பயமுறுத்துகிறவர் ஒருவர்.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம் சார். அப்படியே ஓட்டுங்க. யார் கேக்கப் போறாங்க?" என்று தைரியம் சொல்கிறவர் இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதும் தவறு. முதல் பேச்சைக் கேட்டால் வீண் செலவு. இரண்டாவது பேச்சைக் கேட்டால் குடும்பமே கடனில் மூழ்கலாம். உண்மை என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இன்ஷூரன்சில் இரண்டு பாகம்

கார் இன்ஷூரன்சில் முக்கியமாக இரண்டு பாகம் உண்டு.

ஒன்று, பிறருக்காக எடுப்பது. நம் கார் மோதி ஒருவர் இறந்தாலோ காயம் அடைந்தாலோ, அவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுப்பது இந்தப் பாகம். இதை 'தேர்டு பார்ட்டி' என்கிறார்கள். நம் நாட்டில் 1946-ஆம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் இது கட்டாயம். இப்போது அமுலில் உள்ள 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலும் இது கட்டாயமே.

மற்றொன்று, நம் காருக்காக எடுப்பது. கார் நசுங்கினாலும் திருட்டுப் போனாலும் வெள்ளத்தில் மூழ்கினாலும் நமக்குப் பணம் கிடைக்கும். இது கட்டாயம் அல்ல. ஆனால் பெரும்பாலோர் எடுக்கிறார்கள்.

ஊர் மாறும்போது இந்த இரண்டு பாகமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

டில்லியிலும் ஆவடியிலும் ஒரே விலை

முதல் பாகத்தின் கட்டணத்தை மத்திய சர்க்கார் அறிவிக்கிறது. நாடு முழுவதும் ஒரே கட்டணம்தான். எந்த மாநிலம் என்று பார்ப்பதில்லை. காரின் என்ஜின் அளவை மட்டும் பார்க்கிறார்கள்.

2022-ஆம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி அமுலுக்கு வந்த பட்டியல் இது: 1,000 சி.சி. வரை உள்ள காருக்கு 2,094 ரூபாய். 1,000-க்கு மேல் 1,500 வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். வரி தனி. இந்தப் பட்டியலில் டில்லிக்கு ஒரு விலை, ஆவடிக்கு ஒரு விலை என்று எதுவும் இல்லை.

புதுக் கார் வாங்கியவர்களுக்கு இன்னொரு செய்தி. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்க வேண்டும் என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2018-ல் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. அதன்படி 2018 செப்டம்பர் 1 முதல், புதுக் கார் விற்கும்போதே மூன்று வருஷத்துக்கு 'தேர்டு பார்ட்டி' இன்ஷூரன்சைச் சேர்த்து எடுக்க வேண்டும். அந்த மூன்று வருஷத்துக்குள் நீங்கள் எந்த மாநிலத்துக்குப் போனாலும் அது செல்லும்.

வித்தியாசம் எவ்வளவு?

இரண்டாவது பாகத்தில்தான் சிறிது மாற்றம் வரும்.

2007-ஆம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன் இந்தப் பாகத்துக்கும் ஒரே விலைப் பட்டியல் இருந்தது. தனியார் கார்களுக்கு இந்தியாவை இரண்டு மண்டலமாகப் பிரித்திருந்தார்கள். சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி, பெங்களூர், ஐதராபாத், ஆமதாபாத், புனா ஆகிய எட்டு நகரங்கள் 'ஏ' மண்டலம். மற்ற ஊர்கள் எல்லாம் 'பி' மண்டலம். கார் எந்த ஊர் ஆபீசில் ரிஜிஸ்தர் ஆகியிருக்கிறதோ, அதுதான் மண்டலத்தைத் தீர்மானிக்கும்.

ஐந்து வருஷத்துக்கு உட்பட்ட, 1,000 சி.சி.க்குள் அடங்கிய காரின் மதிப்பு 4 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பட்டியலில் 'ஏ' மண்டலத்துக்கு 3.127 சதவீதம். அதாவது 12,508 ரூபாய். 'பி' மண்டலத்துக்கு 3.039 சதவீதம். அதாவது 12,156 ரூபாய்.

வித்தியாசம் என்ன? 352 ரூபாய். வருஷத்துக்கு 352 ரூபாய்!

இப்போது அந்தப் பட்டியல் கட்டாயம் அல்ல. கம்பெனிகள் தாங்களே விலை வைக்கலாம். ஆனாலும் மண்டலம் பிரிக்கும் வழக்கம் போய்விடவில்லை. பெங்களூரிலிருந்து சென்னைக்கு வந்தால் மண்டலத்தில் மாற்றமே இல்லை. சிறிய ஊரிலிருந்து சென்னைக்கு வந்தால் கொஞ்சம் ஏறலாம். சென்னையிலிருந்து சிறிய ஊருக்குப் போனால் கொஞ்சம் இறங்கலாம். அம்பத்தூர் ஆபீசின் டி.என்.13, பூந்தமல்லி ஆபீசின் டி.என்.12 நம்பர் வாங்குகிறவர்கள், கம்பெனி எந்த மண்டலமாகக் கணக்குப் போட்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் வேறு கதை

நம் பிள்ளைகள் பலர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் கதையைக் கேட்டுத்தான் இங்கேயும் பலர் பயப்படுகிறார்கள்.

அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் சட்டத்தை மாநிலங்களே வகுக்கின்றன. 1945-ல் மத்திய சட்டசபையே அந்தப் பொறுப்பை மாநிலங்களுக்கு விட்டுக்கொடுத்தது. ஆகவே மாநிலம் மாறினால் இன்ஷூரன்சையும் அந்த மாநிலச் சட்டப்படி மாற்றி எடுக்க வேண்டும். விலையும் பெரிதாக ஏறலாம், இறங்கலாம். நியூஹாம்ப்ஷயர் என்ற மாநிலத்தில் கார் இன்ஷூரன்ஸ் கட்டாயமே இல்லை! கலிபோர்னியாவில், ஒருவர் கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று பார்த்து விலை வைக்கக் கூடாது. வேறு பல மாநிலங்களில் அப்படிப் பார்த்துத்தான் விலை வைக்கிறார்கள்.

நம் நாட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு மாநிலத்தில் எடுத்த இன்ஷூரன்ஸ் நாடு முழுவதும் செல்லும். இது நமக்குக் கிடைத்த வசதி.

உண்மையான நஷ்டம் எங்கே?

அப்படியானால் கவலையே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது விலையில் இல்லை. காகிதத்தில் இருக்கிறது.

வீடு மாறும்போது என்ன நடக்கிறது? இன்ஷூரன்ஸ் முடியப் போகிறது என்று கம்பெனி கடிதம் போடுகிறது. அது பழைய விலாசத்துக்குப் போகிறது. போன் நம்பரையும் மாற்றிவிட்டோம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடுகிறோம். காஸ் இணைப்புக்கு அலைகிறோம். இன்ஷூரன்ஸ் தேதி தாண்டிவிடுகிறது.

முதல் நஷ்டம் தள்ளுபடியில் வரும். ஒரு வருஷம் நஷ்டஈடு கேட்காமல் ஓட்டினால், நம் காருக்கான பாகத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. இரண்டு வருஷம் என்றால் 25. மூன்று என்றால் 35. நாலு என்றால் 45. ஐந்து என்றால் 50 சதவீதம். கம்பெனி மாறினாலும் மாநிலம் மாறினாலும் இந்தத் தள்ளுபடி உங்களுடையது. ஆனால் தேதி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அத்தனையும் போய்விடும்.

மேலே சொன்ன காரையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு வருஷம் ஒழுங்காக ஓட்டியவருக்கு 12,508 ரூபாயில் 45 சதவீதம் குறையும். அதாவது 5,600 ரூபாய்க்கு மேல். 352 ரூபாய் ஏறுமோ என்று கவலைப்பட்டவர், 5,600 ரூபாயைக் கோட்டை விடுகிறார்!

இரண்டாவது நஷ்டம் இதைவிடக் கொடியது. இன்ஷூரன்ஸ் இல்லாத ஒரு நாளில் விபத்து நடந்துவிட்டால்?

முதல் தடவை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். அடுத்த தடவை அபராதம் 4,000 ரூபாய். இதுகூடச் சிறிய விஷயம். அடிபட்டவர் விபத்து நஷ்டஈட்டுக் கோர்ட்டுக்குப் போவார். கோர்ட்டு விதிக்கும் லட்சக்கணக்கான ரூபாயைக் கார் சொந்தக்காரரே கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் வீடு வாசல் ஜப்திக்கு வரும்.

அடிபட்டவரின் குடும்பத்தையும் நினைத்துப் பாருங்கள். அம்பத்தூரில் ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளி அவர். இன்ஷூரன்ஸ் இருந்தால் கம்பெனி பணம் கட்டும். இல்லாவிட்டால், ஒன்றும் இல்லாத ஒருவரிடமிருந்து எதை வசூலிப்பது? இரண்டு குடும்பங்கள் தெருவுக்கு வருகின்றன. காரணம், ஒரு தேதியை மறந்தது.

என்ன செய்ய வேண்டும்?

1. மாற்றல் உத்தரவு வந்ததும் இன்ஷூரன்ஸ் முடியும் தேதியைப் பாருங்கள். தேதி நெருங்கியிருந்தால், ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே புதுப்பித்துவிடுங்கள்.

2. புது விலாசத்தையும் போன் நம்பரையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள். அவர்கள் பாலிசியில் திருத்தம் போட்டுத் தருவார்கள். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

3. விலாசம் மாறிய 30 நாளுக்குள் புது ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். இது சட்டம்.

4. வெளிமாநில நம்பர் உள்ள காரை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், இங்குள்ள நம்பர் வாங்க வேண்டும். அதற்குப் பழைய ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து, 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்ற சர்ட்டிபிகேட் தேவை. அதைத்தான் என்.ஓ.சி. என்கிறார்கள். கார் கடனில் இருந்தால் பாங்கின் சம்மதமும் தேவை. நடப்பில் உள்ள இன்ஷூரன்சும் வேண்டும். தேதி தாண்டியிருந்தால் இந்த வேலையும் நின்றுவிடும்.

5. புது நம்பர் கிடைத்ததும் அதை இன்ஷூரன்ஸ் காகிதத்திலும் ஏற்றுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் மாற்றியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். மண்டலம் மாறியிருந்தால் கட்டண வித்தியாசத்தை அப்போது கட்டிவிடலாம்.

6. வெளிமாநிலப் பழைய காரை வாங்கினீர்களா? வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்சை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். விற்றவரின் தள்ளுபடி உங்களுக்கு வராது. அது அவருடையது.

2021-ல் வந்த பி.எச். வரிசை நம்பர் உள்ள கார்களுக்கு மட்டும் ஒரு சலுகை. மாநிலம் மாறினாலும் நம்பரை மாற்ற வேண்டாம். ஆனால் விலாசத்தைக் கம்பெனிக்குத் தெரிவிக்கும் கடமை அவர்களுக்கும் உண்டு.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ரோடு வரி வேறு, இன்ஷூரன்ஸ் வேறு. புது மாநிலத்தில் வரி கட்ட வேண்டியிருக்கும். பெரிய செலவு அதுதான். பழைய மாநிலத்தில் மிச்சக் காலத்துக்குக் கட்டிய வரியைத் திருப்பிக் கேட்கலாம்.

பொய் விலாசம் வேண்டாம்

இந்த வரிக்குப் பயந்து சிலர் வேறு மாநிலத்தில் ஒரு பொய் விலாசம் கொடுத்துக் காரை ரிஜிஸ்தர் செய்கிறார்கள். அதே பொய்யை இன்ஷூரன்ஸ் காகிதத்திலும் எழுதுகிறார்கள். இது ஆபத்து. இன்ஷூரன்ஸ் என்பது நம்பிக்கையின்மேல் நிற்கிற ஒப்பந்தம். உண்மையை மறைத்தவர் நஷ்டஈடு கேட்கும்போது கம்பெனி தகராறு செய்தால், யாரைக் குறை சொல்வது?

ஒழுங்காக நடந்தும் கம்பெனி அநியாயமாக மறுத்தால் பயப்பட வேண்டாம். முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் ஆபீசுக்குப் போகலாம். கட்டணம் கிடையாது. வக்கீலும் தேவையில்லை.

சர்க்காருக்கும் தொழிற்சாலைகளுக்கும்

ஜனங்கள் மட்டும் கவனமாக இருந்தால் போதாது. மாற்றல் உத்தரவு கொடுக்கும் ஆபீசுகளும் தொழிற்சாலைகளும் அதோடு ஒரு துண்டுச் சீட்டையும் கொடுக்கலாம். 'கார், ஸ்கூட்டர் இன்ஷூரன்ஸ் தேதியைப் பாருங்கள். விலாசத்தை மாற்றுங்கள்' என்று அதில் இரண்டு வரி அச்சடித்தால் போதும். செலவு சொற்பம், பலன் பெரிது.

ஆர்.டி.ஓ. ஆபீசில் நம்பர் மாற்றும்போதே இன்ஷூரன்ஸ் காகிதமும் ஒரே மனுவில் மாறும்படி சர்க்கார் வழி செய்ய வேண்டும். நாடு முழுவதும் ஒரே கட்டணம் என்று வைக்க முடிந்த சர்க்காருக்கு, ஒரே மனு என்று வைப்பது முடியாத காரியம் அல்ல.

அதுவரை நம் கையில் இருப்பதை நாம் செய்வோம். ஊர் மாறும்போது பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டை எடுத்து வைக்கிறோம். ரேஷன் கார்டை எடுத்து வைக்கிறோம். அந்தப் பையிலேயே கார் இன்ஷூரன்ஸ் காகிதத்தையும் வையுங்கள். வைக்கும் முன் தேதியை ஒரு தடவை படித்துப் பாருங்கள்.