காலம் தாழ்த்தலாகாது

2012-ஆம் வருஷத்தில் நியூயார்க் நகரில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளியில் விளையாடுகையில் கையில் சிராய்ப்புற்றான். பின்னர் ஜுரமும் வாந்தியும் கண்டன. வைத்தியர்கள் அதனை வயிற்றுக் கோளாறென்று கருதி அவனை வீட்டிற்கு அனுப்பிவிட்டனர். சில தினங்களில் அவன் மாண்டான். அவனுயிரைக் கவர்ந்தது ‘செப்டிக் ஷாக்’ என்னும் கொடிய நிலை. துயருற்ற பெற்றோர் வாளாவிருந்தாரில்லை. அவர்களுடைய விடாமுயற்சியின் பயனாக, ஆஸ்பத்திரிகள் யாவும் இந்நோயை விரைவில் கண்டறிந்து சிகிச்சை செய்யத் திட்டமான முறைகளைக் கைக்கொள்ள வேண்டுமென்று 2013-ல் நியூயார்க் ராஜ்ய சர்க்கார் விதி வகுத்தனர். இத்தகைய விதி எத்தேசத்திற்கும் அவசியமென்பதே நமது அபிப்பிராயம்.

இந்நோயின் தன்மை யாது? உடலிற் புகுந்த கிருமிகளை எதிர்க்க எழும் தற்காப்புச் சக்தி, சில சமயங்களில் வரம்பு கடந்து, தான் காக்க வேண்டிய உடலையே தாக்குகிறது. இரத்தக் குழாய்கள் தளர்ந்து கசிகின்றன. இரத்த அழுத்தம் வீழ்கிறது. மூளை, சிறுநீரகம் முதலிய உறுப்புகள் பிராணவாயுவின்றி வாடுகின்றன. மூச்சிரைப்பு, புத்தித் தடுமாற்றம், சிறுநீர்க் குறைவு ஆகியன அபாயக் குறிகள்.

சிகிச்சையோ கிடைத்தற்கரியதன்று. இரத்தத்தைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்திற்குள் ஆன்டிபயாடிக் மருந்து செலுத்த வேண்டும். முதல் 3 மணி நேரத்தில், உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 30 மில்லி லிட்டர் வீதம் சலைன் ஏற்ற வேண்டும். அழுத்தம் தேறாவிடில் நார் அட்ரினலின் தர வேண்டும். சீழ் கட்டியிருப்பின் அதனை அகற்ற வேண்டும்.

வைத்தியரின் சுதந்திரத்தில் சட்டம் தலையிடலாமோ என்று சிலர் ஆட்சேபிக்கின்றனர். மருந்தைத் தேர்வது வைத்தியர் பொறுப்பே. ஆனால் காலத்தை வீணாக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. நியூயார்க்கின் 149 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2017-ல் வெளியான அறிக்கையில், சிகிச்சை ஒரு மணி நேரம் தாமதிக்குந்தோறும் மரண சாத்தியம் நூற்றுக்குச் சுமார் 4 வீதம் மிகுந்து காணப்பட்டது. அவசரத்தில் ஆன்டிபயாடிக் வீணே வழங்கப்படுமென்ற அச்சத்திலும் நியாயமுண்டு. அதற்குப் பரிகாரம், சோதனை முடிவைக் கண்டு தேவையற்ற மருந்தை நிறுத்துவதேயன்றி, உயிர் ஊசலாடுகையில் காத்திருப்பதன்று.

2017-ல் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 10 லக்ஷம் பேர் செப்ஸிஸ் நோயால் மாண்டனரென மதிப்பிடப்பட்டுள்ளது. அவ்வாண்டிலேயே உலக சுகாதார சபை இதனைத் தடுக்குமாறு அங்கத்தினர் நாடுகளை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் காகிதத்தில் உறங்கினால் யாருக்குப் பயன்? சர்க்கார் விதி செய்க, ஆஸ்பத்திரிகள் அதனை நிறைவேற்றுக, நோயாளியின் சுற்றத்தாரும், “இது செப்ஸிஸாக இருக்குமோ?” என்று தயங்காது கேட்க. அக்கேள்வி ஓர் உயிரை மீட்கக் கூடும்.