ஒரே இரவில் 1,700 பேரைக் கொன்ற ஏரி!

ஏரி ஆளைக் கொல்லுமா? கொன்று இருக்கிறது!

ஆப்பிரிக்காவில் உள்ள கேமரூன் நாட்டில் நியோஸ் என்று ஓர் ஏரி இருக்கிறது. 1986-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி இரவு அது திடீர் என்று பொங்கியது. பொழுது விடிந்தபோது, சுற்றிலும் உள்ள ஊர்களில் சுமார் 1,700 பேர் பிணமாகக் கிடந்தார்கள். ஆடு, மாடுகளும் மடிந்தன. வீடுகள் இடியவில்லை. வெள்ளமும் வரவில்லை.

கொன்றது எது?

கரியமில வாயு! அது பூமிக்குள் இருந்து கசிந்து, ஏரியின் அடித் தண்ணீரில் கரைந்து கிடந்தது. மேல் தண்ணீரின் பாரம் அதை அமுக்கி வைத்து இருந்தது. அடித் தண்ணீர் கலங்கியதும், சோடா பாட்டிலைத் திறந்தது போல வாயு சீறிக் கிளம்பியது. அது காற்றைவிட கனமானது. ஆகவே பள்ளத்தாக்கு வழியாக ஊருக்குள் இறங்கியது. மக்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

2001-ம் ஆண்டில் ஏரியின் ஆழத்துக்கு குழாய் இறக்கி, வாயுவை வெளியேற்றத் தொடங்கினார்கள். ஆபத்து குறைந்தது.

இன்னும் ஓர் ஏரி

ருவாண்டா - காங்கோ எல்லையில் உள்ள கிவு ஏரி இதைவிட மிகப் பெரியது. அதன் அடியிலும் கரியமில வாயு இருக்கிறது. மீத்தேன் வாயுவும் இருக்கிறது. அதன் கரையோரங்களில் லட்சக்கணக்கான மக்கள் வாழ்கிறார்கள்.

அங்கே மீத்தேனை எடுத்து, மின்சாரம் தயாரிக்கிறார்கள். விளக்கும் எரிகிறது, வாயுவும் குறைகிறது. ஆனால், அடித் தண்ணீர் கலங்காமல் எடுக்க வேண்டும். அதில்தான் அத்தனை பேர் உயிரும் இருக்கிறது!