நீளமான ஃபாயில் எல்லோருக்கும் எதற்கு?

விங் ஃபாயிலிங் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்கு முதலில் ஒரு சின்ன அறிமுகம். கையில் காற்றடைத்த ஒரு விங், காலடியில் ஒரு பலகை. பலகைக்குக் கீழே ஒரு மாஸ்ட். அதன் அடிமுனையில், குட்டி விமானம் போல, முன்னால் ஒரு பெரிய இறக்கை, பின்னால் ஒரு சின்ன இறக்கை. இதுதான் ஹைட்ரோஃபாயில். வேகம் பிடித்ததும் அது தண்ணீருக்குள் பறக்க ஆரம்பிக்கும், பலகை தண்ணீரை விட்டு மேலே எழும்பிவிடும். தத்துவம் ஒன்றும் புதிதல்ல. தொலைபேசிப் புகழ் கிரகாம் பெல் குழுவினரின் எச்.டி.-4 படகு 1919-லேயே கனடாவில் இதே முறையில் மணிக்கு சுமார் 114 கி.மீ. ஓடிக் காட்டிவிட்டது! கையில் பிடிக்கும் விங் கடைகளுக்கு வந்ததுதான் சமீபம், 2019 வாக்கில்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆரம்பத்தில் வந்த ஃபாயில்கள் குட்டையாக, பருமனாக இருந்தன. சில வருடங்களில் "ஹை ஆஸ்பெக்ட்" என்ற சொல் வந்து எல்லோரையும் பிடித்துக்கொண்டது. இறக்கையின் நீளத்தை அதாலேயே பெருக்கி, பரப்பளவால் வகுத்தால் வரும் எண்தான் ஆஸ்பெக்ட் ரேஷியோ. பரப்பு 1000 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 70 செ.மீ. என்றால் 4.9 வரும். அதே பரப்பை ஒரு மீட்டர் நீளத்துக்கு இழுத்து ஒல்லியாக்கினால் 10. கேமரா வாங்கப் போனால் மெகாபிக்சலைச் சொல்லியே தலையில் கட்டுவார்களே, அதே கதைதான். பெரிய எண் என்றால் நல்ல சரக்கு என்று ஒரு நினைப்பு.

அந்த எண்ணில் உண்மை இல்லாமல் இல்லை. இறக்கையின் நுனியில் நீர் சுழன்று சக்தியைத் தின்கிறது. நீளம் கூடினால் அந்த இழப்பு குறைகிறது. அதனால்தான் கிளைடர் விமானங்களுக்கும் அல்பட்ராஸ் பறவைக்கும் அவ்வளவு நீண்ட, ஒடுங்கிய இறக்கை. ஹவாயின் மாவி தீவில், மாலிகோவிலிருந்து கஹுலுய் துறைமுகம் வரை காற்றின் திசையிலேயே அலைமேல் வருகிறவர்கள் விங்கை ஒரு கையில் சும்மா பிடித்துக்கொண்டு சறுக்கி வருவார்கள். ஒரு அலை விட்டால் அடுத்த அலைவரை ஃபாயில் தன் வேகத்திலேயே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அங்கே நீண்ட ஃபாயிலுக்கு இணையே இல்லை.

ஆனால் அதே அல்பட்ராஸ் கிளம்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? காற்று இல்லாத நாளில் தபதபவென்று ஓடி ஓடித்தான் மேலே எழும்பும். சிட்டுக்குருவியோ சுவரிலிருந்து ஒரே தாவு! கற்றுக்கொள்ளும் ஆள் ஒரு மணி நேரத்தில் முப்பது தடவை விழுவார், முப்பது தடவை கிளம்ப வேண்டும். அவருக்குக் குருவிதானே உதவும்?

ஒல்லி ஃபாயிலின் குணம் வேறு. உடல் எடையைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றினாலே தூக்கும் விசை சட்டென்று மாறும். வேகம் குறைந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் கைவிட்டுவிடும். குட்டை ஃபாயில் தளர்ந்து, சொல்லிவிட்டுத்தான் இறங்கும். திருப்பத்திலும் அப்படியே. ஒரு மீட்டர் நீளத்தைச் சாய்ப்பதற்கு நேரமும் தெம்பும் வேண்டும். அதிகம் சாய்த்தால் நுனி தண்ணீருக்கு வெளியே எட்டிப் பார்க்கும், காற்றை உள்ளே இழுத்துக்கொண்டால் ஆள் தண்ணீரில். விழும்போது பக்கத்தில் இருப்பது கத்தி மாதிரியான கார்பன் விளிம்பு என்பதையும் மறக்கக் கூடாது. ஹெல்மெட்டும் மார்புக் கவசமும் அழகுக்காகப் போடுவதில்லை.

அடுத்தது பணம். (வணிகவியல் வகுப்பு நண்பர்கள் இங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்!) ஒல்லியாக, நீளமாக இருக்கும் எதுவும் வளையும். வளையாமல் இருக்க உயர்தர கார்பன் வேண்டும், விலை ஏறுகிறது. சும்மா முன் இறக்கையை மட்டும் வாங்கினாலும் முடியாது, விறைப்பான மாஸ்ட் இல்லாவிட்டால் முழுப் பலன் கிடைக்காது. ஒரு நிறுவனத்தின் இறக்கை பெரும்பாலும் இன்னொரு நிறுவனத்தின் மாஸ்டில் பொருந்தாது. ஆக, ஒரு கடையில் நுழைந்தவர் அதே கடையில்தான் திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். முதல் மாதத்திலேயே தவறான ஃபாயிலில் காசைப் போட்டவர், தனக்குத்தான் திறமை இல்லை என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு விளையாட்டையே விட்டுவிடக்கூடும். இதுதான் உண்மையான நஷ்டம். தவறு அவருடையது அல்ல, அவருக்கு விற்றவருடையது.

"எப்படியும் பிறகு ஹை ஆஸ்பெக்ட்டுக்குத்தானே வரப் போகிறார்கள், இப்போதே வாங்கினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. வரட்டுமே! இரண்டு பக்கமும் விழாமல் திரும்பத் தெரிந்த பிறகு வரட்டும். எல்லோரும் வந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. கரையோர அலையில் வெட்டி வெட்டித் திரும்ப ஆசைப்படுகிறவர் கடைசிவரை நடுத்தர ஃபாயிலிலேயே சந்தோஷமாக இருக்கலாம்.

எண் மட்டும் எதையும் சொல்லாது என்பது இன்னொன்று. ரேஷியோ 10 என்றே இரண்டு ஃபாயில்கள் இருக்கும். ஒன்றின் பரப்பு 700, மற்றதன் பரப்பு 1300. அறுபது கிலோ ஆளுக்கும் தொண்ணூறு கிலோ ஆளுக்கும் இவை இரண்டும் முற்றிலும் வேறு வேறு பொருட்கள். ஆகவே கடைக்காரர் எடையைக் கேட்காமல், ஓட்டப் போகும் இடத்தின் காற்றைக் கேட்காமல், நேராக 10 என்ற எண்ணில் ஆரம்பித்தால், பழைய குட்டை ஃபாயிலை யாராவது விற்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடலாம்.