ஸ்கேன் பண்ணினால் டோக்கன் வருகிறது, டாக்டர் எப்போ வருவார்?

அரசு ஆஸ்பத்திரியில் முதல் வேலை ஓ.பி. சீட்டு வாங்குவது. பெயர், வயது, ஊர், போன் நம்பர் என்று கவுன்ட்டரில் நீங்கள் சொல்லச் சொல்ல ஒருவர் டைப் செய்வார். இந்த வரிசையிலேயே பாதிக் காலை போய்விடும். இப்போது நாடு முழுக்கப் பல ஆஸ்பத்திரிகளில் கவுன்ட்டர் பக்கத்தில் ஒரு க்யூஆர் கோடு தொங்குகிறது. 'ஸ்கேன் அண்ட் ஷேர்' என்று பெயர்.

இது 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் ஒரு பகுதி. 2022 அக்டோபரில் டெல்லியின் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் முதலில் சோதித்துப் பார்த்தார்கள். உங்களிடம் 'ஆபா' எனப்படும் 14 இலக்க எண் இருந்தால், அந்த ஆப்பிலிருந்து கோடை ஸ்கேன் செய்கிறீர்கள். பெயர், வயது, முகவரி எல்லாம் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்குப் போகிறது. போனில் டோக்கன் நம்பர் வருகிறது. அதைக் காட்டி சீட்டை வாங்கிக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' முக்கியம். நிறைய பேர் இதை அப்பாயின்ட்மென்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. கோடு இருப்பது ஆஸ்பத்திரியில். நீங்களும் அங்கே போயாக வேண்டும். குறைவது கவுன்ட்டரில் டைப் செய்யும் நேரம். உள்ளே இருக்கும் டாக்டர்கள் நேற்று எத்தனை பேரோ, இன்றும் அத்தனை பேர்தான். வெளியே சீக்கிரம் நகரும் கூட்டம், டாக்டர் அறை வாசலில் போய் நிற்கும்.

அப்போ வீட்டிலிருந்தே பதிவு செய்ய முடியாதா?

முடியும், ஆனால் அது வேறு வழி. மத்திய அரசின் ஓ.ஆர்.எஸ். இணையதளம் 2015-லிருந்தே இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் உள்ளிட்ட ஆஸ்பத்திரிகளுக்கு அதில் தேதி எடுக்கலாம். சிக்கல் எங்கே என்றால், எந்தப் பிரிவு என்று நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அம்மாவுக்குத் தலைசுற்றல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நரம்பியலா, காது மூக்கு தொண்டையா, பொது மருத்துவமா? கவுன்ட்டரில் அனுபவசாலி ஒருவர் இருந்தால், "முதல்ல ஜெனரல் மெடிசின்ல காட்டுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். திரையில் அந்த ஆள் இல்லை. தப்பான பிரிவில் தேதி எடுத்தால், காத்திருந்து போய் இன்னொரு பிரிவுக்கு அனுப்பப்படுவீர்கள். சந்தேகம் இருந்தால் பொது மருத்துவத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. நெஞ்சுவலி, கை கால் இழுத்துக்கொள்வது மாதிரி என்றால் தேதியே பார்க்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுதான்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஸ்லாட் ஆன்லைனில் போகப் போக, போனில் வேகமாக விரல் ஓட்டத் தெரிந்தவர்களுக்கே முதல் இடம். ராத்திரி ரயிலேறி விடியற்காலையில் எய்ம்ஸ் வாசலில் வந்து நிற்பவருக்கு மிச்சம்தான். க்யூஆர் வரிசைக்கு ஒரு கவுன்ட்டரை ஒதுக்கிவிட்டு, சாதாரண வரிசைக்குத் தனி ஆள் போடாவிட்டால், போன் இல்லாதவர் முன்பைவிட அதிக நேரம் நிற்பார். இது தொழில்நுட்பக் கோளாறு இல்லை, ஆள் போடாத கோளாறு.

அரசின் ஊக்கத்தொகையும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. 2023 ஜனவரியில் தொடங்கிய திட்டத்தில், ஆபாவோடு இணைக்கப்படும் டிஜிட்டல் பதிவுகளின் எண்ணிக்கையை வைத்து ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் தர ஏற்பாடு செய்தார்கள். நோயாளி எத்தனை நிமிடம் காத்திருந்தார் என்பதற்கு அதில் இடமில்லை. எதற்குக் காசோ அதைத்தானே எண்ணுவார்கள்?

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு என்ன செய்யலாம்?

நீங்கள் பெங்களூரிலோ புனேயிலோ உட்கார்ந்து அவர்களுக்கு ஆபா எடுக்கப் போனால், ஓ.டி.பி. ஆதாரில் இருக்கும் நம்பருக்குத்தான் போகும். அந்த சிம் செத்துப்போய் வருஷக்கணக்காகியிருக்கலாம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது முதலில் ஆதார் மையத்தில் அந்த நம்பரை மாற்றுங்கள். அப்புறம் அவர்கள் போனிலேயே ஆப்பைப் போட்டு, ஒருமுறை ஸ்கேன் செய்துகாட்டுங்கள்.

ஸ்கேன் செய்வதால் பழைய ரிப்போர்ட் எதுவும் தானாகப் போகாது. அதற்குத் தனியாக ஒப்புதல் கேட்கும். ஆபா எடுப்பதும் கட்டாயம் இல்லை, அவரவர் விருப்பம். "ஆபா இல்லாம சீட்டு இல்ல" என்று கவுன்ட்டரில் யாராவது சொன்னால், அப்பாவைத் திரும்பி வர விடாதீர்கள்; அங்கேயே மேலதிகாரியைப் பார்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.