தழும்பு சிறிது, பில் பெரிது

கருப்பையை அகற்ற மூன்று வழிகள் உண்டு. வயிற்றைத் திறப்பது ஒன்று. சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்தும் லாபராஸ்கோபி இன்னொன்று. மூன்றாவது, வயிற்றில் கத்தியே படாமல் பிறப்புறுப்பு வழியாக அகற்றுவது. செலவு குறைந்தது இந்த மூன்றாவது வழிதான். ஆனால் மருத்துவமனை விளம்பரங்களில் இதைத் தேடினாலும் கிடைக்காது.

காரணம் எளிது. இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை; ஆகவே இதை விற்க ஆளில்லை. முடிந்தவரை இதையே தேர்ந்தெடுக்கும்படி அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு 2017இல் பரிந்துரைத்தது.

லாபராஸ்கோபியின் லாபம் உண்மையானது. வலி குறைவு, ஓரிரு நாளில் வீடு திரும்பலாம், வேலைக்கும் சீக்கிரம் போகலாம். தினக்கூலிப் பெண்ணுக்கு இரண்டு மூன்று வாரக் கூலி மிச்சமானால் அது பெரிய தொகை. ஆனால் அந்தக் கூலி மருத்துவமனையின் கணக்கில் வராது. அங்கே வருவது கருவியின் விலையும் ஆபரேஷன் தியேட்டரில் கழியும் நேரமும்தான்.

அடுத்து வந்தது ரோபோ. மகளிர் அறுவை சிகிச்சைக்கு அமெரிக்கா 2005இல் அதை அனுமதித்தது. பிறகு 441 மருத்துவமனைகளில் 2.64 லட்சம் பெண்களின் விவரங்களை ஆராய்ந்த ஒரு ஆய்வு 2013இல் வெளியானது. 2007இல் 0.5 சதவீதமாக இருந்த ரோபோ அறுவை 2010இல் 9.5 சதவீதமாகியிருந்தது. சிக்கல்களோ லாபராஸ்கோபியில் இருந்த அளவேதான். செலவு மட்டும் ஒவ்வொருவருக்கும் சுமார் 2,189 டாலர் அதிகம்.

இயந்திரம் வாங்கியாகிவிட்டது, சும்மா கிடந்தால் நஷ்டம். அதன் கருவிகளையும் குறிப்பிட்ட முறை பயன்படுத்தியதும் மாற்றியாக வேண்டும். போட்ட பணத்தை எடுக்க நோயாளிகள் வேண்டும்.

இந்தியாவில் கணக்கு இன்னும் சிக்கலானது. இங்கே கருப்பை அகற்றும் அறுவைகளில் மூன்றில் இரண்டுக்கு மேல் தனியார் மருத்துவமனைகளில் நடக்கின்றன. பீகார், சட்டீஸ்கர், ராஜஸ்தானில் தேவையின்றிக் கருப்பைகள் அகற்றப்பட்டதாக எழுந்த வழக்கில், மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்தில் ஏற்கும்படி மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது.

எந்த வழியில் அகற்றுவது என்பது இரண்டாவது கேள்வி. அகற்றத்தான் வேண்டுமா என்பதே முதல் கேள்வி. அதைக் கேட்பதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை.